கறுப்பு வெள்ளையில் ஒரு பச்சைக் குடம்

கல்ச்சுரல்ஸ் சீஸன் வந்தா உங்க குரூப்பிலும் ஒருத்தர் இந்த ஐடியாவோட வந்து நிப்பார். "மச்சி, படம் ஃபுல்லா பிளாக் அண்ட் ஒயிட். ஹீரோயினோட துப்பட்டா மட்டும் சிவப்பு. எப்டி?" எல்லாரும் உடனே 'சூப்பர்டா'ன்னு கை தட்டுவீங்க. கொஞ்சம் பொறுங்க பாஸ். அந்தச் சிவப்புதான் உங்க எடிட்டரோட தூக்கத்தைக் கெடுக்கப் போற வில்லன்.

முதல்ல ஒண்ணைத் தெளிவா வெச்சுக்கங்க. எடுக்கறது கலர்லதான் எடுக்கணும். கேமராவிலேயே 'மோனோ' போட்டு எடுத்துட்டா, கலர் போனது போனதுதான். அப்புறம் துப்பட்டாவுக்கு மட்டும் சிவப்பு வேணும்னா ஃப்ரேம் ஃப்ரேமா பெயின்ட் அடிக்கணும். செகண்டுக்கு 25 ஃப்ரேம்னா 10 செகண்ட் ஷாட்டுக்கு 250 தடவை! 1925-ல் ரஷ்ய இயக்குநர் ஐசன்ஸ்டீன் 'பேட்டில்ஷிப் பொட்டெம்கின்' படத்துல இதைத்தான் செஞ்சார். கப்பல்ல ஏறும் புரட்சிக் கொடி சிவப்பாத் தெரியணும். ஆனா அந்தக் கால ஃபிலிம்ல சிவப்பு கறுப்பா விழுந்துடும். அதனால வெள்ளைக் கொடியை ஏத்திப் படம் பிடிச்சு, ஃபிலிம்ல கையாலயே சிவப்பு தீட்டினாங்க. இப்போ ஏ.ஐ. கலர் போட்டுத் தருதேன்னு கேப்பீங்க. தரும்தான். ஆனா அது போடறது ஒரு யூகம். இந்த ஃப்ரேம்ல சிவப்பு, அடுத்த ஃப்ரேம்ல பிரவுன்னு கலர் மினுக்கினா, பாக்கறவங்களுக்குக் கதையை விட்டுட்டு அதுதான் கண்ணுல படும்.

சரி, கலர்ல எடுத்தாச்சு. சாஃப்ட்வேர்கிட்ட 'சிவப்பை விட்டுட்டு மத்ததை எல்லாம் கறுப்பு வெள்ளையாக்கு'ன்னு சொல்றோம். அது துப்பட்டாவோட சேர்த்து உதட்டையும் விட்டு வைக்கும், கன்னத்தையும் விட்டு வைக்கும். காரணம் சிம்பிள். நம்ம தோலோட நிறம் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவுல இருக்கு. மாநிறமோ சிவப்போ கறுப்போ, எல்லார் தோலும் கலர் சக்கரத்துல ஏறக்குறைய அந்த ஒரே இடத்துலதான் உட்காரும். ஆட்டோ மஞ்சளும் இதே ஏரியாதான். ஸோ, ஆள் கிட்ட இருக்கற பொருளுக்குச் சிவப்பு, மஞ்சள் ரெண்டும் பேஜார். நீலம்னா தோல்லேர்ந்து ரொம்ப தூரம்தான், ஆனா வானமும் ஜீன்ஸும் கூடவே வந்துடும். மரம் இல்லாத தெருவுல பச்சைதான் உங்க தோஸ்த்து.

ராயப்பேட்டை மணிக்கூண்டு பக்கத்துச் சந்து ஒண்ணுல ஷூட் பண்றீங்கன்னு வெச்சுக்கங்க. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம்னு நாலு ஏரியும் கிட்டத்தட்ட காஞ்சு போய், சென்னையே லாரித் தண்ணிக்குக் காத்துக்கிட்டு நின்னது ஞாபகம் இருக்கா? அப்படி ஒரு வரிசை. இருபது பிளாஸ்டிக் குடம். சிவப்பு, ஆரஞ்சு, நீலம்னு எல்லாம் சாம்பலா மாறுது. ஒரு பாட்டியோட பச்சைக் குடம் மட்டும் பச்சையாவே இருக்கு. வரிசை நகருது, குடமும் நகருது. அந்தக் குடத்துக்கு முன்னாடி லாரியில தண்ணி தீர்ந்து போகுது. டயலாக்கே வேணாம்.

ஷூட்டிங்ல ஆட்டோ ஒயிட் பேலன்ஸை ஆஃப் பண்ணி லாக் பண்ணிடுங்க. இல்லேன்னா ஆள் குறுக்கே போகும்போதெல்லாம் பச்சை நிறம் மாறும். வரிசையில வேற பச்சைக் குடமோ, பச்சைப் புடவையோ இருக்கக் கூடாது. நல்ல வெளிச்சம் வேணும், ஆனா குடத்து மேல வெயில் நேரா அடிச்சு வெளுக்கவும் கூடாது. இருட்டுல எடுத்தா படத்துல புள்ளி புள்ளியா கலர் நாய்ஸ் வரும். அதுல பச்சையும் இருக்கும்.

எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வோட இலவசப் பதிப்பே போதும். கலர் பேஜ்ல குவாலிஃபயரை எடுத்துக் குடத்தைத் தொடுங்க. ஹைலைட் போட்டுப் பார்த்தா எதெல்லாம் மாட்டியிருக்குன்னு தெரியும். ஓரத்தைக் கொஞ்சம் மிருதுவாக்குங்க. அப்புறம் 'அவுட்சைட் நோடு' ஒண்ணு சேர்த்து அதுல சாச்சுரேஷனை ஜீரோவுக்கு இறக்குங்க. மேட்டர் ஓவர்! எங்கேயோ ஒரு சுவர்ல பச்சை போஸ்டர் எட்டிப் பார்த்தா, குடத்தைச் சுத்தி ஒரு பவர் விண்டோ வரைஞ்சு டிராக் பண்ண விடுங்க. ஈரத் தரையில குடத்தோட பச்சை பிரதிபலிக்குதா? அதை அழிக்காதீங்க. அது இருந்தாதான் குடம் ஒட்ட வெச்ச ஸ்டிக்கர் மாதிரி தெரியாது.

குடத்தோட ஓரம் படிக்கட்டு மாதிரி தெரியுதா? செல்போன் வீடியோக்கள்ல பெரும்பாலும் வெளிச்சத்தோட விவரத்துல நாலுல ஒரு பங்குதான் கலருக்குப் பதிவாகும். அதை வாட்ஸ்அப்ல வீடியோவா அனுப்பினா இன்னும் நசுங்கும். எடிட்டருக்கு ஒரிஜினல் ஃபைலை பென்டிரைவ்ல கொடுங்க.

இந்த எஃபெக்ட் படம் முழுக்க வேணவே வேணாம்ங்கறது என் கட்சி. குரோசாவா 1963-ல் எடுத்த 'ஹை அண்ட் லோ' பாருங்க. குழந்தையைக் கடத்தினவனுக்குக் கொடுக்கற பணப்பையில ஒரு பொடியை ஒளிச்சு வெச்சிருப்பாங்க. அந்தப் பை எரியறப்போ, கறுப்பு வெள்ளை நகரத்து மேல புகைபோக்கியிலேர்ந்து இளஞ்சிவப்புப் புகை! ஒரே ஒரு இடத்துலதான் கலர். கேஸே அதுலதான் திரும்புது. 1993-ல் வந்த 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்'ல யூதர்களை வளைச்சுப் பிடிக்கற தெருவுல ஒரு குட்டிப் பொண்ணு சிவப்புக் கோட்டோட நடந்து போகும். ரொம்ப நேரம் கழிச்சு, பிணங்கள் ஏத்தின வண்டியில அந்தச் சிவப்பு மறுபடி தெரியும். முகம்கூடப் பார்க்க வேண்டாம், நமக்குத் தெரிஞ்சுடும்.

எடிட் முடிஞ்சதும் உங்க காலேஜ் ஆடிட்டோரியம் புரொஜெக்டர்ல ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடுங்க. பழைய புரொஜெக்டர்னா லேப்டாப்ல பளிச்சுனு இருந்த பச்சை அங்கே சாம்பலா விழலாம். அப்படின்னா குடத்தோட சாச்சுரேஷனைக் கொஞ்சம் ஏத்தி, போட்டிக்கு முன்னாடி நாள் ராத்திரிக்குள்ள இன்னொரு தடவை எக்ஸ்போர்ட் போட்டுடுங்க.