பளபளப்பு யாருக்கு வேண்டும்? - ஒரு டம்ளர் விவகாரம்

டம்ளர் என்றதும் ஃபில்டர் காபி ஞாபகத்துக்கு வந்தால் அது உங்கள் தப்பில்லை. ஆனால் இது வேறு டம்ளர். துப்பாக்கியில் சுட்டு முடித்த தோட்டாவின் காலிப் பித்தளைக் கூடுகளை உள்ளே போட்டு, உருட்டிப் புரட்டிச் சுத்தம் செய்கிற இயந்திரம்.

காலிக் கூட்டை எதற்குச் சுத்தம் செய்ய வேண்டும் என்கிறீர்களா? அமெரிக்காவில் ரீலோடிங் என்று ஒரு பொழுதுபோக்கு உண்டு. ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள். கூடு, அதன் அடியில் பொறி கிளப்புகிற ப்ரைமர், உள்ளே மருந்து, முனையில் குண்டு. சுட்டதும் மற்ற மூன்றும் செலவாகிவிடும், கூடு மட்டும் மிஞ்சும். பெரும்பாலும் நான்கில் விலை அதிகமானதும் அதுதான். அதைத் தூக்கிப் போடாமல், சுத்தம் செய்து, 'டை' என்கிற அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, மற்ற மூன்றையும் புதிதாகச் சேர்த்துத் திரும்பவும் பயன்படுத்துவார்கள். 2020ல் அங்கே தோட்டாவுக்கும் ப்ரைமருக்கும் பெரிய தட்டுப்பாடு வந்தபோது, தரையில் கிடக்கிற கூட்டின் அருமை நிறையப் பேருக்குப் புரிந்தது.

புதிதாக இதில் இறங்குகிறவர் சீக்கிரமே கேட்கிற கேள்வி: "எந்த டம்ளர் வாங்கலாம்?" வருகிற பதில்கள் எல்லாம் இரண்டே விஷயத்தைச் சுற்றும். எது மலிவு? எது நன்றாகப் பளபளக்க வைக்கும்? இரண்டுமே தப்பான கேள்விகள்!

முதலில் கடையில் என்னதான் கிடைக்கிறது என்று பார்ப்போம்.

ஒன்று, அதிர்வு டம்ளர். ஒரு கிண்ணம், அடியில் ஒரு மோட்டார். கிண்ணத்தில் மக்காச்சோளத் தக்கைத் தூளையோ வால்நட் ஓட்டுத் தூளையோ நிரப்பி, கூடுகளைப் போட்டு ஓடவிட்டால், இரண்டு மூன்று மணி நேரத்தில் அழுக்கு போய்விடும். தண்ணீர் கிடையாது, உலர்த்துகிற வேலை கிடையாது. மலிவானதும் இதுதான்.

இரண்டு, ஈர டம்ளர். படுக்க வைத்த உருளை ஒன்று மெதுவாகச் சுற்றும். உள்ளே தண்ணீர், பாத்திரம் கழுவுகிற சோப்பு, கொஞ்சம் சிட்ரிக் அமிலம், கூடவே மெல்லிய எவர்சில்வர் ஊசிகள். நம் வீட்டில் பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிற அதே தத்துவம்தான், அமிலம்தான் வேறு. கூட்டின் உள்பக்கமும், ப்ரைமரை முன்பே கழற்றியிருந்தால் அது உட்காருகிற பள்ளமும்கூடப் புதுசு போல ஆகிவிடும். விலை கூடுதல்.

மூன்று, ஒலி அலையால் சுத்தம் செய்கிற அல்ட்ராசானிக் தொட்டி. உள்பக்கம் நன்றாகப் போகும். ஆனால் பளபளப்பு வராது, ஒரு தடவைக்குக் கொஞ்சம்தான் பிடிக்கும்.

இப்போது பளபளப்புக்கு வருவோம். கூட்டில் மணல் ஒட்டியிருந்தால் டை கீறிப்போகும், அதனால் சுத்தம் வேண்டும். விரிசல் விட்ட கூட்டைப் பார்த்துப் பிரித்தெடுக்கவும் சுத்தம் வேண்டும். அதற்கு மேல் கண்ணாடி மாதிரி மின்னுவதால் குறி ஒரு இம்மிகூட நேராகாது. சொல்லப்போனால், கழுத்தின் உள்பக்கம் ஒட்டியிருக்கிற மெல்லிய கரிப்படலம் குண்டைச் சீராக உட்கார வைக்கிறது என்று, துல்லியப் போட்டிகளில் சுடுகிறவர்கள் பலர் அதைத் துடைத்தெடுப்பதே இல்லை.

பளபளப்புக்கு ஆசைப்பட்டு வம்பை விலைக்கு வாங்குகிறவர்களும் உண்டு. பித்தளை மெருகுத் திரவங்கள் சிலவற்றில் அமோனியா இருக்கும். பித்தளைக்கு அமோனியா ஆகவே ஆகாது. இதற்கு நம்மூர்ச் சரித்திரமே சாட்சி. பிரிட்டிஷ் இந்தியாவில் படைகளின் தோட்டாக்களை மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். பிறகு எடுத்துப் பார்த்தால் கூடுகளில் விரிசல்! குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அமோனியாவும், தயாரிக்கும்போதே பித்தளைக்குள் தங்கிப்போன இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது. காரணத்தைத் தெளிவாக விளக்கியது 1921ல்தான். அந்தத் திரவத்தை டம்ளரில் ஊற்றுகிறவர் அதே லாயத்தை வீட்டுக்குள் கட்டுகிறார்.

சரி, மலிவு என்கிற கேள்விக்கு என்ன குறை? பி.காம். முதல் வருஷத்துப் பாடம்தான்: விலை வேறு, அடக்கம் வேறு. இயந்திரத்தின் மேல் ஒட்டியிருக்கிற சீட்டில் இருப்பது விலை மட்டும்தான். அதில் வராத ஒரு செலவு இருக்கிறது. அதன் பெயர் ஈயம்.

பெரும்பாலான ப்ரைமர்களில் இருப்பது லெட் ஸ்டைஃப்னேட் என்கிற ஈயச் சேர்மம். சுட்டபின் அதன் மிச்சம் கூட்டுக்குள் படிந்துவிடும். அதிர்வு டம்ளரில் அது உதிர்ந்து சோளத்தூளோடு கலக்கும். பிறகு சல்லடையில் போட்டுக் கூட்டையும் தூளையும் பிரிக்கும்போது புகை மாதிரி ஒரு தூசி எழும்பும். அந்தத் தூசியில் ஈயம் இருக்கிறது. அது மேஜையில் படியும், சட்டையில் ஒட்டும், தரைவிரிப்பில் இறங்கும். அந்தத் தரைவிரிப்பில்தான் கைக்குழந்தை தவழும், கையை வாயில் வைக்கும்.

குழந்தையின் ரத்தத்தில் இவ்வளவு ஈயம் வரை பாதுகாப்பு என்று சொல்லும்படியான அளவு எதுவும் கண்டறியப்படவில்லை என்கிறது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம். கவனிக்க வேண்டிய அளவாக 2012ல் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்று வைத்திருந்ததை 2021ல் 3.5 ஆகக் குறைத்தார்கள். வாங்குகிறவர் ஒருவர், செலவை ஏற்கிறவர் இன்னொருவர். அந்த இன்னொருவருக்குப் பேசக்கூடத் தெரியாது.

ஈர டம்ளரில் இந்தத் தூசி எழும்பாது, ஈயம் தண்ணீரோடு நின்றுவிடும். மாயமாக மறைந்துவிடாது! அந்தக் கறுப்புத் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றக் கூடாது, கையுறை இல்லாமல் அளையவும் கூடாது. கழுவிய கூட்டைச் சாப்பாடு சுடுகிற ஓவனில் உலர்த்தவும் கூடாது.

ஈர டம்ளர் பிடிக்காதவர்கள் சொல்கிற குறைகளும் பொய்யில்லை. உலர்த்த ஒரு நாள் ஆகலாம். ஊசி உள்ளே சிக்கிக்கொண்டால் தேடி எடுக்க வேண்டும். மணிக்கணக்கில் சுற்றவிட்டால் கூடுகள் ஒன்றோடொன்று மோதி வாய்ப்பகுதி நசுங்கும். ஆனால் இவை எல்லாம் சுடுகிறவரின் நேரத்தில் கழிகிற செலவுகள். அவர் தெரிந்தே ஏற்கிறார். ஊசியே இல்லாமல் சோப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் சுற்றினால் பாதிக் குறை தீர்ந்தும் விடும். உள்பக்கம் மின்னாது, அவ்வளவுதான்.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது? வீட்டைவிட்டுத் தள்ளி ஒரு ஷெட் இருந்து, முகமூடி போட்டுத் திறந்தவெளியில் சலிக்க முடிந்தால் அதிர்வு டம்ளர் போதும், கூடுதல் காசு வீண். அடுக்குமாடியில் இருப்பவரும், வீட்டில் குழந்தை வைத்திருப்பவரும் ஈர டம்ளருக்குத்தான் போக வேண்டும். மாதத்துக்கு நூறு கூடு மட்டும் சேர்கிறவருக்கு இயந்திரமே வேண்டாம். ஒரு பழைய பிளாஸ்டிக் ஜாடி, சுடுதண்ணீர், சோப்பு, துளி சிட்ரிக் அமிலம், ஐந்து நிமிடக் குலுக்கல். அந்த ஜாடியும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது.

"சுடுகிற இடத்திலேயே ஈயம் இருக்கிறதே, டம்ளரை மட்டும் ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும்?" என்று கேட்கலாம். உண்மைதான், செருப்பிலும் சட்டையிலும் அங்கிருந்து ஈயம் வரத்தான் செய்யும். ஆனால் சுடுகிற இடத்துக்குக் குழந்தை வருவதில்லை. டம்ளர் ஓடுவது குழந்தை இருக்கிற வீட்டில்.

ஆகவே அடுத்த முறை யாராவது "எது நல்ல டம்ளர்?" என்று கேட்டால், "எவ்வளவு பணம் வைத்திருக்கிறாய்?" என்று திருப்பிக் கேட்காதீர்கள். "எங்கே வைத்து ஓட்டப் போகிறாய், பக்கத்து அறையில் யார் தூங்குகிறார்கள்?" என்று கேளுங்கள். பதில் தானாக வந்துவிடும்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகச் சொல்லலாம் :)