கொடைக்கானல் கிளம்பும் முன்...

வத்தலக்குண்டில் டீ குடித்துவிட்டு மலையேறினால், வழியில் மெக்கானிக் கிடைப்பது கஷ்டம். கொடைக்கானல் குளிரில் ராத்திரி முழுக்க நின்ற கார், காலையில் செல்ஃப் எடுக்காமல் படுத்துவதும் உண்டு. பழைய பேட்டரிக்குக் குளிர் ஆகாது.

அதற்குத்தான் காற்றடிக்கும் பம்ப்பும் சேர்ந்த ஜம்ப் ஸ்டார்ட்டர். டப்பாவில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 'பீக் ஆம்ப்ஸ்' கண நேரக் கணக்கு; அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். எத்தனை லிட்டர் இன்ஜின் வரை தாங்கும் என்று பாருங்கள். டீசல் காருக்குக் கூடுதல் கரன்ட் வேண்டும். டயர் கிழிந்திருந்தால் பம்ப் உதவாது, ஸ்டெப்னிதான். வெயிலில் பூட்டிய காருக்குள் இதை விட்டுவைப்பதும் ஆபத்து.

முக்கியமாக, இரண்டு வேலைக்கும் உள்ளே ஒரே பேட்டரிதான். நாலு டயருக்கும் காற்றடித்துவிட்டு அப்படியே வைத்தால், காரை ஸ்டார்ட் செய்யத் தெம்பிருக்காது. கிளம்பும் முந்தின ராத்திரி, செல்போனோடு இதற்கும் சார்ஜ் போட்டுவிடுங்கள்.