பாட்டிமார் காத்த தையல்

ஊசி வேலை என்றால் நம்மில் பலருக்கு அது பொழுதுபோக்கு என்ற எண்ணம். நாலு ஸ்திரீகள் கூடித் தைக்கும் இடத்தில் தையலைவிட வம்புதான் அதிகம் என்று பரிகாசம் செய்யும் ஆண்பிள்ளைகளும் உண்டு. அப்படிச் சொல்கிறவர்கள், தர்மபுரி ஜில்லாவில் அரூருக்கு அப்பால், கல்ராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே உள்ள சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்குக்கு ஒரு முறை போய் வருவது நல்லது.

அங்கே வசிப்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிகள் எனப்படும் மலைவாசிகள். (கேரளத்தாரோடு குழப்பிக் கொள்ள வேண்டாம்.) அவர்களோடு லம்பாடிகளின் தாண்டாக்களும் இருக்கின்றன. ரயில் வருவதற்கு முன் எருதுகளின் முதுகில் உப்பையும் தானியத்தையும் ஏற்றித் தேசமெங்கும் கொண்டு சென்ற குலத்தார் இவர்கள். லம்பாடி ஸ்திரீகளின் பாவாடையிலும் ரவிக்கையிலும் கண்ணாடிச் சில்லும் சோழியும் பல வர்ண நூலும் கண்ணைப் பறிக்கும். ரயிலும் சாலையும் வந்த பிறகு வியாபாரம் போயிற்று. பின்னர் உடையும் போயிற்று. சந்தையில் வாங்கும் மில் புடவை மலிவு, அதை உடுத்தினால் ஊராரிடமிருந்து வேறுபட்டும் தெரியாது. உடை போன வழியே தையலும் போயிற்று.

காந்திகிராமத்து ஆஸ்பத்திரியில் பணி புரிந்த டாக்டர் ரெஜி ஜார்ஜும் அவர் மனைவி டாக்டர் லலிதாவும் 1993-ல் சிட்டிலிங்கிக்கு வந்து, ஒரு குடிசையில் வைத்தியசாலை தொடங்கினார்கள். லம்பாடித் தையலை மீட்க வேண்டும் என்ற முயற்சியில் லலிதா அம்மையார் 2006-ல் இறங்கியபோது, அதை அறிந்தவர்களாக அகப்பட்டவர்கள் இரண்டே பாட்டிமார்! அவ்விருவரும் இளம் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். கற்றவர்கள் மற்றவர்களுக்குக் கற்பித்தார்கள். சங்கம் அறுபது பேர் அளவுக்கு வளர்ந்தது. அதற்குப் 'போர்கை' என்று பெயர். லம்பாடி மொழியில் பெருமிதம் என்று பொருள்.

இந்தக் கற்பித்தலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவர்களாகிய எங்களுக்குக் கரும்பலகையும் புஸ்தகமும் இல்லாமல் கை ஓடாது. லம்பாடித் தையலுக்கோ புஸ்தகம் கிடையாது. துணியில் கோலம் வரைந்துகொண்டு அதன்மேல் தைப்பதில்லை. பல தையல்களை இழைகளை எண்ணியே போட வேண்டும். ஓர் இழை தவறினால் அப்போது தெரியாது. பத்து வரிசை தள்ளித்தான் கோணல் புலப்படும். அத்தனையையும் பிரிக்க நேரும். தனியே தைக்கிறவள் பிரித்துப் பிரித்து அலுத்துப் போவாள். பக்கத்தில் இருப்பவள் எட்டிப் பார்த்து, "அக்கா, அங்கே ஓர் இழை விட்டுவிட்டாய்" என்று சொன்னால் அரை நாள் உழைப்பு மிஞ்சும். ஆகவே நாலு பேர் கூடி உட்காருவது தொழிலுக்கே அவசியமான விஷயம். கை வேலை செய்யும்போது வாய் சும்மா இருப்பதால், குழந்தையின் ஜுரமும் புருஷனின் குடியும் அங்கே பேசப்படுவது இயற்கை. அதை வம்பு என்பவர்கள் சொல்லிக் கொள்ளட்டும்.

ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் பெண்களின் கூட்டங்கள் அமெரிக்காவில் வெகு காலமாக உண்டு. 1966-ல் அலபாமா மாகாணத்தில் நீக்ரோப் பெண்மணிகள் சேர்ந்து அத்தகைய கூட்டுறவுச் சங்கம் ஒன்றை ஸ்தாபித்தார்கள். 'சுதந்திரப் போர்வைச் சங்கம்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். வோட்டர் ஜாபிதாவில் பெயர் பதிந்த குற்றத்துக்காக அங்கே பல குடும்பங்கள் குடியிருந்த நிலத்திலிருந்து விரட்டப்பட்டிருந்தன. போர்வை விற்ற பணத்தில் சங்கம் நிலம் வாங்கியது; விரட்டப்பட்டவர்களில் சிலருக்கு அதில் மனையும் கிடைத்தது. 2012 வரை அந்தச் சங்கம் நடந்தது.

சிட்டிலிங்கிப் பெண்கள் தைப்பது பட்டணத்தார் வாங்கும் விரிப்பும் தலையணை உறையும் பையும் புடவையும். தாங்கள் உடுத்தாத ஒன்றைப் பிறருக்குத் தைப்பது புனருத்தாரணம் ஆகுமா என்று சிலர் ஆட்சேபிக்கிறார்கள். ஆட்சேபம் எனக்கும் புரிகிறது. ஆனால் தாண்டாப் பெண்கள் பொம்மைகளைப் போல் பழைய பாவாடை கட்டி நின்றால்தான் நமக்குத் திருப்தி என்பது என்ன நியாயம்? வீட்டை விட்டுக் கூலிக்கு வெளியூர் போகாமல், சொந்தக் கைத்திறனால் சம்பாதிப்பதே பெரிய காரியம்.

சம்பாத்தியம் என்றதும் விலையைப் பற்றிய பேச்சு வருகிறது. கைவேலைக் கண்காட்சிகளில், மில் துணிக்குச் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வந்தவர்களே, இங்கே பாதி விலைக்குக் கேட்பதைப் பார்க்கிறோம். தர்மபுரி சேலம் ஜில்லாவில் சேர்ந்திருந்த நாளில், 1925-ல், ராஜாஜி திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ஆசிரமம் அமைத்துக் கிராமத்தாருக்கு ராட்டினம் கொடுத்தார். பத்து ஆண்டுக்குப் பின், 1935-ல், நூற்பவர்களுக்கு எட்டு மணி நேர வேலைக்கு எட்டணாவாவது கிடைக்க வேண்டும் என்று மகாத்மா பிடிவாதம் செய்தார். கதர் விலை ஏறுமே என்று சகாக்கள் பயந்தார்கள். ஏறட்டும் என்றார் அவர்.

கன்னட நாட்டில் சந்தூர் லம்பாணித் தையலுக்கு 2010-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப் பெயரைத் திருடாமல் காக்க அது உதவும். இயந்திரத்தில் அச்சுப் போல் அடித்து விற்பவர்களின் மலிவு விலையை அது என்ன செய்யும்? வாங்குகிறவர்கள் துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்கலாம். இயந்திர வேலையில் முன்னே எத்தனை வர்ணம் இருந்தாலும் பின்னே பெரும்பாலும் ஒரே வெள்ளை நூல் ஓடும். சில சமயம் காகிதம் போன்ற தாங்குதுணியும் ஒட்டியிருக்கும். கைவேலையில் முன்னே உள்ள வர்ணமே பின்னேயும் இருக்கும். நூலை முடித்த இடமும் தெரியும்.