கதவருகே அப்பாவின் குரல்

அயலூரில் பிறந்து வளரும் நம் குழந்தைகளுக்குப் பனங்காட்டுப் பேய் அச்சம் தருவதில்லை; பனங்காட்டின் சலசலப்பை அவர்கள் கேட்டதே இல்லை. நம் இல்லங்களில் பேய்க்கதை சொல்லும் வழக்கம் குன்றி வருவதற்கு இதுவே காரணம் என்பாருளர். நாம் அவ்வாறு கருதவில்லை. கதையின் கட்டினை அறிந்துகொண்டால், நாம் குடியிருக்கும் இரண்டு அறை வீட்டிலேயே ஒரு பேயைக் குடியேற்றிவிடலாம். அதற்கு மேலதிகாரியின் அனுமதியும் வேண்டுவதில்லை.

உருசிய அறிஞர் விளாதிமிர் புரோப் தம் நாட்டு மாயக்கதைகளை ஆராய்ந்து 1928-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். கதைமாந்தர் எவராயினும் அவர்தம் செயல்கள் 31 வகைக்குள் அடங்கும் என்பது அவர் கண்ட முடிபு. அவற்றுள் முதல் மூன்றே நமக்குப் போதும். வீட்டிலிருந்து ஒருவர் வெளியே செல்கிறார், இருப்பவர்க்கு ஒரு தடை விதிக்கப்படுகிறது, அத்தடை மீறப்படுகிறது. இரவு முறை பார்க்கும் இரயில்வேக் குடும்பத்தில் முதற் செயலுக்குக் குறைவேது? தடைக்கும் பஞ்சமில்லை. இரவில் பெயர் சொல்லி அழைக்கும் குரலுக்கு, மூன்றாம் முறை அழைக்கும் வரை மறுமொழி கூறலாகாது என்று நம் பாட்டிமார் சொல்லி வந்ததை அன்பர்கள் அறிவர்.

இவற்றைக் கொண்டு நம் வீட்டுச் சிறுவர்க்கென நாம் கட்டிய கதை வருமாறு:

அப்பா இரவுப் பணிக்குச் சென்றுவிட்டார். அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள். வீட்டில் பாட்டியும் ஏழு வயதுப் பேத்தியும் மட்டுமே. நள்ளிரவில் கதவருகே அப்பாவின் குரல், "குட்டிம்மா" என்று அழைக்கிறது. அது வீட்டாரன்றிப் பிறர் அறியாத பெயர். அத்தெருவில் தமிழ் பேசும் வீடும் வேறில்லை. பாட்டி பேத்தியின் வாயைப் பொத்துகிறாள். இரண்டாம் முறையும் குரல் அழைக்கிறது. பின்னர் அமைதி. அப்போது தொலைபேசி ஒலிக்கிறது. நிலையத்திலிருந்து அப்பா பேசுகிறார்: "இன்னும் தூங்கவில்லையா? வண்டி தாமதம், விடிந்துதான் வருவேன்." "அப்பா!" என்று கூவிவிடுகிறாள் குழந்தை. மூன்றாம் அழைப்பு சமையலறையிலிருந்து வருகிறது.

இதில் கோரைப்பல் இல்லை. விரித்த கூந்தலும் இல்லை. வேற்று மொழி வழங்கும் ஊரில், நள்ளிரவில் நாம் அஞ்சாது கதவைத் திறப்பது தமிழ்க் குரல் ஒன்றுக்குத்தான். அந்தக் குரலையே பேய் எடுத்துக்கொள்கிறது. குடும்பத்து அச்சக்கதைக்கு வித்து எங்கே என்று தேடுவோர், அவ்வீட்டார் எதனை ஐயமின்றி நம்புகின்றனர் என்று முதலில் பார்க்க வேண்டும்.

செருமானியரான குஸ்தாவ் பிரைத்தாக் 1863-இல் நாடகத்தை ஐந்து உறுப்பாகப் பகுத்து, ஏறி இறங்கும் கூம்பு வடிவிற் காட்டினார். நமக்கோ அடியார்க்கு நல்லாரே அணுக்கமானவர். சிலப்பதிகார உரையில் அவர் கூறும் முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்னும் ஐந்தும் உழவன் கண்ட நெல்லின் வளர்ச்சி. நம் கதையில் பாட்டியின் தடை வித்து. இரண்டு அழைப்புகளும் நாற்று. தொலைபேசி ஒலிக்கும்போது பயிர் கருக்கொள்கிறது. குழந்தையின் கூவல் விளைவு. எஞ்சிய துய்த்தலைச் சொல்லாது விட வேண்டும். சமையலறையில் நின்றது யாது என்று வருணிக்கப் புகுந்தவர், விளக்கைப் போட்டுவிட்டவர் ஆவார்.

அன்பர்கள் தத்தம் வீட்டுச் செல்லப்பெயரை இட்டுச் சொல்லிக்கொள்ளலாம். அண்மையில் மறைந்த உறவினரின் குரலை மட்டும் கதவருகே நிறுத்தற்க. குழந்தையின் துயரம் விளையாட்டுக்கு உரியதன்று. அப்பா உண்மையிலேயே இரவுப் பணியில் இருக்கும் நாளிலும் இக்கதை வேண்டா. அவர் பக்கத்தில் அமர்ந்து தாமே சொல்வது நலம். நாம் சொல்லி முடித்த இரவில் சிறியவன் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போக மறுத்துவிட்டான். அவன் அக்காள்தான் செம்பைக் கொண்டுவந்து கொடுத்தாள்.