வாங்காவிட்டால் வலிக்குமா?

கம்ப்யூட்டர் கேம் ஆடுகிறவர்களிடம் ஒரு நம்பிக்கை வேதவாக்காகப் புழங்குகிறது. என்விடியா விலையை ஏற்றுகிறதா, மெமரியில் கஞ்சத்தனம் காட்டுகிறதா, அடுத்த கிராபிக்ஸ் கார்டை ஏஎம்டியில் வாங்கு. எல்லோரும் இப்படிச் செய்தால் கம்பெனி தானாக வழிக்கு வரும். பணம்தான் ஓட்டு, கடைதான் வாக்குச்சாவடி என்கிறார்கள். ஏஎம்டி வாங்கியவர் ஏதோ சத்தியாகிரகம் முடித்துத் திரும்பியவர்போல நிமிர்ந்து உட்காருகிறார். என்விடியா வாங்கியவர் கேட்காமலே சாக்குச் சொல்கிறார். இந்த நம்பிக்கை நடந்த கதை எதனோடும் ஒத்துப்போகவில்லை.

2014 செப்டம்பரில் 329 டாலருக்கு என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 970 கார்டு வந்தது. மெமரி 4 ஜிபி என்றார்கள். அடுத்த ஜனவரியில் குட்டு உடைந்தது. அதில் அரை ஜிபி, மற்ற மூன்றரை ஜிபியைவிட மிக மெதுவாக ஓடியது. விமர்சகர்களுக்குக் கொடுத்த விவரத்தாளில் 64 என்றிருந்த, படப்புள்ளிகளை எழுதி முடிக்கும் ஆர்ஓபி அலகுகள் சிப்பில் 56தான் இயங்கின. இனி என்விடியா பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன் என்று உலகம் முழுக்கச் சபதங்கள். கம்பெனியின் தலைவர் ஜென்சன் ஹுவாங் எழுதிய பகிரங்கக் கடிதத்தில் அது நல்ல வடிவமைப்பு என்றே வாதாடினார்; சரியாக எடுத்துச் சொல்லாததுதான் பிழையாம். சபதங்கள் என்னவாயின? கேம் விற்கும் ஸ்டீம் தளத்தின் கணக்கெடுப்பில் ஜிடிஎக்ஸ் 970 முதலிடத்துக்கே ஏறியது. வாங்கியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அரை ஜிபி போனாலும் அந்த விலைக்கு நல்ல கார்டுதான். அமெரிக்காவில் வாங்கியவர்களுக்கு ஒரு கார்டுக்கு 30 டாலர் இழப்பீடு தர 2016இல் கம்பெனி ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்ள வைத்தது, சேர்ந்து தொடுத்த வழக்கு.

அன்றாவது என்விடியாவின் சோறு கேம் ஆடுகிறவர்கள் போட்டது. 2022 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில்கூட மொத்த வருமானம் 2,691 கோடி டாலரில் கேமிங் பங்கு 1,246 கோடி. மூன்றே ஆண்டு கழித்து, 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் மொத்தம் 13,050 கோடி; டேட்டா சென்டர் மட்டும் 11,520 கோடி; கேமிங் 1,135 கோடி. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நாளை ஒரு கேமரும் வாங்காவிட்டால் அந்தச் சிலிக்கானை ஏஐ பக்கம் திருப்பிவிட்டால் போயிற்று. இங்கே கிடைப்பதைவிட அங்கே லாபமும் அதிகம். போதாக்குறைக்கு, கேமிங் என்று எழுதிய கணக்கே சுத்தமில்லை. கிரிப்டோ நாணயம் தோண்டியவர்களால் கேமிங் வருமானம் பெருகியதை முதலீட்டாளர்களுக்குச் சரியாகத் தெரிவிக்கவில்லை என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2022 மே மாதம் என்விடியாவிடம் 55 லட்சம் டாலர் அபராதம் வாங்கியது.

தனி ஆள் விலகினால்தான் வலிக்காது, பெரிய கை விலகினால் வலிக்கும் என்று சொல்லிப் பார்க்கலாம். அதுவும் நடந்தது. என்விடியா சிப்பை வைத்துக் கார்டு செய்து வந்த இவிஜிஏ, அதன் போக்குப் பிடிக்காமல் 2022 செப்டம்பரில் கிராபிக்ஸ் கார்டுத் தொழிலையே விட்டு விலகியது. அமெரிக்காவில் ரசிகர் கூட்டமே வைத்திருந்த கம்பெனி. அடுத்த மாதமே 1,599 டாலர் விலையில் ஆர்டிஎக்ஸ் 4090 வந்தது. கடைகளில் நிற்காமல் தீர்ந்தது.

சரி, யாரிடம் போகச் சொல்கிறார்கள்? ஏஎம்டியிடம். அது 2006இல் வாங்கிய ஏடிஐ கம்பெனியின் பழைய கதை ஒன்று உண்டு. 2001இல் வந்த அதன் ரேடியான் 8500 கார்டின் டிரைவர், ஓடுவது குவேக் 3 கேம் என்று கோப்பின் பெயரை வைத்தே கண்டுகொண்டு, படத்தின் தரத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டிக் காட்டியது. சோதித்தவர்கள் ‘குவேக்’ என்ற பெயரை ‘குவாக்’ என்று மாற்றி ஓட்டினார்கள், வேகம் இறங்கிவிட்டது. அது பழங்கதை என்பீர்கள். 2020இல், இன்றைய கேம்களுக்கு 4 ஜிபி போதாது என்று ஏஎம்டி தன் தளத்தில் எழுதியது. 2022 ஜனவரியில் அதே ஏஎம்டி 4 ஜிபியோடு ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டை 199 டாலருக்கு இறக்கியது. அந்த நேரம் பார்த்துப் பழைய கட்டுரை காணாமல் போய், விஷயம் செய்தியானதும் திரும்பி வந்தது.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது. கூடிப் பேசி விலை வைக்கிறார்களா என்று 2006இல் அமெரிக்க நீதி அமைச்சகம் விசாரித்தபோது இரண்டு கம்பெனிகளுக்கும் சேர்த்தே சம்மன் போனது. குற்றச்சாட்டு எதுவும் பதியாமல் அந்த விசாரணை முடிந்தது. வாங்கியவர்கள் தொடுத்த வழக்கை மட்டும் 2008இல் இரு கம்பெனிகளும் பணம் கட்டி முடித்துக்கொண்டன. இன்று இரண்டின் பெரிய சிப்புகளும் தைவானின் டிஎஸ்எம்சி ஆலையில் உருவாகின்றன. மூன்றாவதாக வந்த இன்டெல் ஆர்க் கார்டின் சிப்பும் அங்கேதான். ஹுவாங்கும் ஏஎம்டி தலைவர் லிசா சூவும் தூரத்துச் சொந்தம் என்பது தனிக்கதை.

புறக்கணிப்பு என்றதும் நம் நினைவுக்கு வருகிறவர் வ.உ.சி. அவர் வெள்ளைக்காரன் கப்பலில் ஏறாதே என்று சொன்னதோடு நிற்கவில்லை. 1906இல் கம்பெனி பதிந்து, பங்கு விற்று, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சொந்தக் கப்பல் விட்டார். எதிர்க் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியது, 1908இல் அவரைச் சிறையில் தள்ளினார்கள், கம்பெனி நொடித்தது. அத்தனை திரட்டலுக்கும் அந்தக் கதி. ஒரு அமெரிக்கக் கம்பெனியை விட்டு இன்னொரு அமெரிக்கக் கம்பெனியின் பெட்டியைத் தூக்கி வருவதற்கு புறக்கணிப்பு என்ற பெயரைச் சூட்டுவது கொஞ்சம் அதிகம்.

வாங்காமல் இருந்து விலை இறங்கியதே இல்லையா என்று கேட்பவர்கள் 2018ஐக் காட்டுவார்கள். ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ கார்டை என்விடியா தன் பெயரில் 1,199 டாலருக்கு விற்றது. அதற்கு முந்தைய 1080 டிஐ 699க்கு வந்தது. விற்பனை மந்தம். 2019 ஜனவரியில் கம்பெனி தன் காலாண்டு வருமானக் கணிப்பை 270 கோடியிலிருந்து 220 கோடி டாலராக இறக்கியது. ஜூலையில், ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 5700 வந்த நேரத்தில், என்விடியா ‘சூப்பர்’ என்ற பெயரில் வேகம் கூடிய கார்டுகளை விட்டது. கிரிப்டோ சரிவுக்கும் இதில் பங்குண்டு. அதை விட்டுவிட்டாலும், நடந்தது பேரம். விலை படியாமல் கடையை விட்டு இறங்குகிறவன் விலை படிந்தால் திரும்பி வருவான் என்று கடைக்காரனுக்குத் தெரியும். அதனால்தான் இறங்கி வருகிறான். எந்த விலைக்கும் வர மாட்டேன் என்று சபதம் செய்தவனுக்காக அவன் எதைக் குறைப்பான்?

2022இல் ஆர்டிஎக்ஸ் 4080 என்ற ஒரே பெயரில் வேறுவேறு சிப்பு கொண்ட இரண்டு கார்டுகளை என்விடியா அறிவித்தது. விமர்சகர்கள் கிழித்தெடுத்த பிறகு 899 டாலர் விலையிட்ட 12 ஜிபி கார்டைத் திரும்பப் பெற்று, மறு ஜனவரியில் 4070 டிஐ என்று பெயர் மாற்றி 799க்கு விற்றது. இதையும் புறக்கணிப்பின் வெற்றி என்கிறார்கள். கடைக்கே வராத கார்டை யார் புறக்கணித்தது?

இந்த நம்பிக்கையால் வாங்குகிறவனுக்கு நஷ்டம் உண்டு. பிளெண்டரில் வேலை செய்கிறவரும் ஏஐ படிக்கிற மாணவரும் 2007 முதல் வேரோடிய என்விடியாவின் கூடா மென்பொருளுக்குப் பெரும்பாலும் கட்டுப்பட்டவர்கள். கொள்கைக்காக வேறு கார்டு வாங்கிவிட்டுப் பாடத்தை விட்டு டிரைவரோடு மல்லுக்கட்டும் மாணவரால் என்விடியாவுக்கு ஒரு காசு நஷ்டமில்லை. கேம் மட்டும் ஆடுகிறவருக்கு அந்த விலையில் ஏஎம்டி கார்டு வேகமாக இருந்தால் அதை வாங்கட்டும், காரணம் வேகமாகவே இருக்கட்டும்.

கோபத்துக்கு வேறு இடம் இருக்கிறது. 2025 ஜனவரியில் ஹுவாங் மேடையேறி, 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070இல் 4090இன் வேகம் கிடைக்கும் என்றார். கார்டு வரையும் ஒவ்வொரு பிரேமுக்கும் இடையில் மூன்று பிரேம் வரை ஏஐ தானாக இட்டு நிரப்பினால்தான் அந்தக் கணக்கு நிற்கும். நம் நாட்டில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உற்பத்தியாளருக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். ஒரே குறை உள்ள பலர் சேர்ந்து, அனுமதி பெற்று, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஒரே புகாராக முறையிடலாம். அப்படிப் போகிறவர் கையில் அந்தக் கார்டை வாங்கிய பில் இருக்க வேண்டும்.