வதந்தியும் லென்ஸ் வளையமும்

புதிய காமிரா ஒன்று வரப்போகிறதென்ற வதந்தி ஜப்பானிலிருந்து கிளம்பிய மாத்திரத்தில், கையிலுள்ள நல்ல கருவியும் பழசாகிவிட்டதென்று சஞ்சலப்படுவது புகைப்பட ரசிகர்களின் சுபாவமாகிவிட்டது. மெகாபிக்ஸல் சற்றுக் கூடுமென்ற செய்திக்காக, வாங்கவேண்டியதை வாங்காமலும் எடுக்கவேண்டிய படத்தை எடுக்காமலும் காத்திருப்பதில் நியாயம் காணோம்.

சிரத்தையோடு கவனிக்கத்தக்கது, என் அபிப்பிராயத்தில், லென்ஸைப் பொருத்தும் அந்த உலோக வளையம் ஒன்றே. 1959-ல் நிகான் நிறுவனம் அமைத்த எஃப் வளையம் பல தசாப்தங்கள் அடிப்படை மாறாமல் நின்றதனால், தந்தை வாங்கிய லென்ஸை மகனும் உபயோகிக்க முடிந்தது. கானனோ 1987-ல் தன் பழைய வளையத்தைத் தாட்சண்யமின்றிக் கைவிட்டு, லென்ஸுக்குள்ளேயே மோட்டாரை வைத்து, அதற்கும் காமிராவுக்கும் இடையே மின்சாரத்தால் மட்டுமே சம்பாஷணை நிகழும்படி செய்தது. அந்தத் துணிச்சலையே நான் மெச்சுவேன்.

2018-ல் இவ்விரு நிறுவனங்களும் மீண்டும் புதிய வளையங்களை அறிமுகப்படுத்தின. உள்ளிருந்த ஆடி நீங்கியபடியால், லென்ஸ் வளையத்துக்கும் சென்ஸாருக்கும் நடுவே 46.5 மில்லிமீட்டராக இருந்த தூரம் நிகானில் 16 ஆகக் குறுகி, வளையத்தின் விட்டமும் 55 மில்லிமீட்டராக விரிந்து, லென்ஸ் அமைப்போருக்கு முன்பில்லாத சுதந்திரம் கிட்டியது. பழைய லென்ஸ்களுக்கு நிகானின் அடாப்டர் உண்டு. ஆயினும், காமிராவின் மோட்டாரை நம்பியிருந்தவற்றை அதில் பொருத்துவோர் குவியத்தைக் கையால்தான் திருப்பியாகவேண்டும்.