அரை நொடிதானே என்று விட முடியாது

டிஹெச்சிபி சர்வர் ஒவ்வொரு முறை ஐபி முகவரி கொடுக்கும்போதும் ஒரு ஸ்கிரிப்ட்டை ஓடவிடுவது நெட்வொர்க் நிர்வாகிகளுக்குப் பழகிய வேலை. யாருக்கு எந்த முகவரி போனது என்று டேட்டாபேஸில் பதிய வேண்டும், ஃபயர்வாலுக்குத் தகவல் சொல்ல வேண்டும். "அரை நொடிதானே, யாருக்குத் தெரியப்போகிறது?" என்கிறார்கள். தெரியும். காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கம்ப்யூட்டரைப் போடும்போது நன்றாகவே தெரியும்.

ஐஎஸ்சி நிறுவனத்தின் டிஹெச்சிபி சர்வரில் 'ஆன் கமிட்' பகுதிக்குள் 'எக்ஸிக்யூட்' என்று எழுதினால், அந்த ஸ்கிரிப்ட் முடியும்வரை சர்வர் வேறு யாரையும் கவனிக்காது. மிகச் சீக்கிரம் முடிகிற நிரல்களை மட்டுமே இப்படி அழைக்கலாம் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. அரை நொடி ஸ்கிரிப்ட் என்றால் நொடிக்கு இரண்டு முகவரிதான். மின்வெட்டு முடிந்து 600 கருவிகள் ஒன்றாக எழுந்தால், கடைசிக் கருவிக்கு முகவரி கிடைக்க ஐந்து நிமிடம் ஆகும்.

கிளையன்ட் திரும்பக் கேட்டுக்கொள்ளும் என்பது அடுத்த சமாதானம். கேட்கும்தான். 1997-இல் வந்த டிஹெச்சிபி வரையறையான ஆர்எஃப்சி 2131 சொல்வதுபோல் சுமார் 4 நொடி கழித்து, பிறகு 8, பிறகு 16 என்று கேட்கும். ஆனால் அந்த மறுகோரிக்கைகளும் அதே வரிசையில்தான் வந்து நிற்கின்றன. வரிசை இன்னும் நீள்கிறது. விண்டோஸ் கருவி பொறுமையிழந்து 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே வைத்துக்கொள்கிறது. வைஃபை இணைந்திருக்கும், இன்டர்நெட் வராது.

"சோதித்துப் பார்த்தேன், 50 மில்லி நொடிதான்" என்பவர்கள் எல்லாம் நலமாக இருந்த நாளில் சோதித்திருக்கிறார்கள். ஸ்கிரிப்ட்டுக்குள் ஒரு சர்வரின் பெயர் இருக்கிறது, டிஎன்எஸ் படுத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் வழக்கமாக ஒரு நேம்சர்வரின் பதிலுக்கே 5 நொடி காத்திருக்கும். கிளையன்ட்டின் முதல் பொறுமையோ 4 நொடி. கர்ல் கட்டளைக்கு டைம்அவுட் கொடுக்காவிட்டால், இணைப்பு கிடைக்குமா என்று 300 நொடிவரை அது தொங்கிக்கொண்டிருக்கும். பார்க்க வேண்டியது மிக மோசமான நேரத்தை, சராசரியை அல்ல.

எக்ஸிக்யூட் வரியின் கடைசியில் '&' போடலாமே என்பார்கள். அந்த வரி ஷெல் வழியாக ஓடுவதில்லை. குறி வெறும் ஆர்க்யுமென்ட்டாகப் போய்ச்சேரும். ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே வேலையைப் பின்னணிக்குத் தள்ளினால் சர்வர் விடுபடும், உண்மை. ஆனால் நெரிசலில் நூற்றுக்கணக்கான பிராசஸ்கள் குவியும். எது முந்தும் என்று சொல்ல முடியாது.

மென்பொருளை மாற்றினால் போதுமா? ஐஎஸ்சி தன் பழைய சர்வருக்கான பராமரிப்பை 2022-இல் நிறுத்திவிட்டதால், அதன் புதிய சர்வரான கியாவுக்கு மாறுவது எப்படியும் நல்லது. கியாவின் 'ரன் ஸ்கிரிப்ட்' ஹூக் ஸ்கிரிப்ட் முடியும்வரை காத்திருப்பதில்லை. இன்னொரு டிஹெச்சிபி சர்வரான டிஎன்எஸ்மாஸ்க் ஒரு நேரத்தில் ஒரு ஸ்கிரிப்ட்டைத்தான் ஓட்டும், மற்றவை வரிசையில் நிற்கும். அதற்குள் ஒரே லீஸ் (முகவரி ஒதுக்கீடு) பலமுறை மாறினால் இடைப்பட்ட நிலைகளை விட்டுவிடும். கிளையன்ட் தப்பிக்கிறது, உங்கள் பதிவேட்டில் ஓட்டை விழுகிறது.

எனவே வழி இதுதான்: ஸ்கிரிப்ட், சர்வர் ஓடும் அதே இயந்திரத்தில் ஒரு கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டு வெளியேறட்டும். டேட்டாபேஸ், ஃபயர்வால் வேலைகளை அந்தக் கோப்பை வரிசையாகப் படிக்கும் தனி நிரல் பார்த்துக்கொள்ளட்டும்.